பாட்டைக் கொண்டுவரும் வயர் பாட்டை மாற்றுமா?

விலை கூடிய நெட்வேர்க் கேபிளும் சுவிட்சும் வீட்டு இசைக்கு மெருகேற்றும் என்கிறார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும் கொட்டாஞ்சேனை வீடுகளிலும் இணையவழிப் பாட்டுக் கேட்பவர்கள் எதற்குக் காசு கொடுக்க வேண்டும், எதற்குக் கொடுக்கத் தேவையில்லை?

கொழும்பில் வானொலி பிறந்த இடம் ஒரு தந்தி அலுவலகம். 1921இல் இலங்கைக்கு வந்த எட்வர்ட் ஹார்ப்பர் தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் ரேடியோப் பாகங்களைக் கொண்டு அவருடைய ஆட்கள் ஓர் ஒலிபரப்பியைக் கட்டினார்கள். 1923இல் மத்திய தந்தி அலுவலகத்தின் சின்ன அறையொன்றில் கிராமபோன் இசைத்தட்டைச் சுழலவிட்டு, அந்த இசையை வானில் ஏற்றினார்கள். 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது.

அந்த ஒரே கட்டடத்துக்குள் அன்று இரண்டு விதமான சைகைகள் ஓடின. ஒன்று வானொலி. பாடகரின் குரல் எப்படி ஏறி இறங்குகிறதோ, மின் அலையும் அப்படியே ஏறி இறங்கும். வழியில் அலையின் உருவம் எந்தளவு கெடுகிறதோ அந்தளவுக்குக் குரலும் கெடும். மற்றது தந்தி. குறிலும் நெடிலும் போல இரண்டே அடையாளங்கள். கம்பி பழையதோ புதியதோ, குறில் எது நெடில் எது என்று மறுமுனையில் பிரித்தறிய முடிந்தால் போதும். செய்தியில் ஓர் எழுத்தும் குறையாது.

இணையத்தில் பாட்டுக் கேட்கத் தொடங்கியபோது நம் வீட்டு இசை வானொலியின் வழியை விட்டுத் தந்தியின் வழிக்கு வந்துவிட்டது. நம்முடைய நம்பிக்கைகள் மட்டும் வானொலியின் வழியிலேயே நிற்கின்றன. கேபிளைப் பற்றிய இன்றைய சர்ச்சைக்கு வேர் இதுதான்.

ஏரியல் உயர்ந்தால் பாட்டும் தெளிந்த காலம்

வயர் ஒலியை மாற்றும் என்று பெரியவர்கள் சொல்வது வெறும் கற்பனையில்லை. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகள் இங்கிருந்து நடத்திய ரேடியோ சியாக் நிலையத்தின் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி 1949இல் இலங்கையின் கைக்கு வந்தது. அந்த ஒலிபரப்பி நின்ற ஏகலயிலிருந்து கிளம்பிய சிற்றலை, இலங்கை வானொலியைத் தெற்காசியா எங்கும் கொண்டுபோனது. 1952இல் அமைச்சர் பி. வி. கேஸ்கரின் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியதும், தமிழகத்து வானொலிப் பெட்டிகளின் முள் கொழும்பை நோக்கி நகர்ந்தது. எஸ். பி. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்கள் பாக்கு நீரிணைக்கு அக்கரையிலும் உறவினர் பெயர்களைப் போலப் புழங்கின.

அந்தப் பாட்டுகள் வானத்து அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி வந்தவை. அதனால் கூடியும் மங்கியும் ஒலித்தன. கூரைக்கு மேல் கட்டிய ஏரியல் கம்பியை நீட்டினால், உயர்த்தினால், திசை மாற்றினால், பாட்டு உண்மையாகவே தெளிந்தது. இசைத்தட்டு வந்தபோதும் அப்படித்தான். ஊசி தேய்ந்தால் குரல் கீறியது. கசெட் பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்ததும் மேல் ஸ்தாயி மீண்டு வந்தது. அம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயர் மிக மெல்லியதாகவும் மிக நீளமாகவும் இருந்தால் இன்றும் ஒலி மாறும், ஏனென்றால் அந்த வயரில் போவது ஒலியலையின் உருவமேதான்.

இப்படிக் காதால் கற்ற பாடத்தை இரண்டு தலைமுறைகள் சுமந்து வந்திருக்கின்றன. அந்தப் பாடம் நெட்வேர்க் கேபிளுக்குப் பொருந்துமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

எண்ணாகிப் போகும் இசை

சீ.டி. தரத்தில் ஒரு பாட்டு என்பது, ஒலியலையின் உயரத்தை விநாடிக்கு 44,100 தடவை அளந்து எழுதிய எண்களின் வரிசை. ஒவ்வோர் எண்ணும் 16 பிட் நீளம். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என இரண்டு வரிசைகள். பெருக்கிப் பார்த்தால் விநாடிக்கு 1,411,200 பிட். நான்கு நிமிடப் பாட்டைச் சுருக்காமல் வைத்தால் 42 மெகாபைட் அளவுக்கு வரும். 24 பிட், 192 கிலோஹேர்ட்ஸ் என்ற உயர்தரப் பதிவுக்குக்கூட விநாடிக்கு 9.2 மெகாபிட் போதும். வீட்டில் கிடக்கும் சாதாரணக் கேபிளில் பழைய 100 மெகாபிட் இணைப்பு ஓடினாலே அதைப் போலப் பத்து மடங்கு இடம் இருக்கிறது.

அந்த எண்கள் 1,500 பைட்டைத் தாண்டாத பொட்டலங்களாகக் கட்டப்பட்டுப் புறப்படுகின்றன. நமது நான்கு நிமிடப் பாட்டுக்கு 28,000க்கு மேற்பட்ட பொட்டலங்கள். ஒவ்வொரு பொட்டலத்தின் முடிவிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று உண்டு. அனுப்பும் கருவி உள்ளடக்கத்தை வைத்துக் கணக்குப் போட்டு அதை எழுதுகிறது. வாங்கும் கருவி அதே கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறது. பொருந்தாத பொட்டலம் கழிக்கப்படும். இசைச் செயலிகள் பயன்படுத்தும் விதிமுறை, வந்து சேராத பொட்டலத்தைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும்.

அப்படியானால் கேபிளில் கோளாறு என்றால் அது எப்படி வெளிப்படும்? பாட்டு தத்தும், நிற்கும், மறுபடி தொடங்கும். பாடகியின் குரலில் குழைவு குறையாது. மிருதங்கத்தின் தொப்பி மெலியாது. வயலின் இரண்டடி பின்னால் போய் நிற்காது. இப்படியெல்லாம் நடப்பதற்கு, எது குரல் எது வயலின் என்று தெரிந்து எண்கள் ஒழுங்காக மாற வேண்டும். தற்செயலாக விழும் பிழைக்கு அந்த ஞானம் கிடையாது.

நேரத்தைப் பற்றிய ஐயம் அடுத்தது. எண்கள் சரியாக வந்தாலும் நேரம் பிசகினால் ஒலி கெடும் என்பார்கள். எண்ணை ஒலியாக்கும் இடத்தில் இது மெய். விநாடிக்கு 44,100 எண்களும் சம இடைவெளியில் ஒலியாக வேண்டும். ஆனால் அந்தத் தாளத்தைப் போடுவது நெட்வேர்க் இல்லை. பொட்டலங்கள் எப்போதுமே கூட்டமாக வந்து, இடைவெளி விட்டு, மறுபடி கூட்டமாக வருபவை. இணையத்திலிருந்து பாட்டை வாங்கி ஒலிக்கவைக்கும் கருவியான ஸ்ட்ரீமர் அவற்றை முதலில் நினைவகத்தில் சேர்த்து வைக்கிறது. அங்கிருந்து எண்களை ஒவ்வொன்றாக எடுப்பது, அவற்றை ஒலியாக்கும் ஒலிமாற்றிச் சிப்புக்குப் பக்கத்திலேயே துடிக்கும் பளிங்குக் கடிகாரம். கேபிளில் பொட்டலம் ஒரு கணம் முந்தி வந்தாலும் பிந்தி வந்தாலும் அந்தக் கடிகாரத்துக்கு அது தெரியவே தெரியாது.

ஆயிரக்கணக்கில் விலை சொல்லப்படும் 'ஓடியோ சுவிட்ச்' விடயமும் இதில் அடங்கிவிடுகிறது. சுவிட்ச் ஒரு பொட்டலத்தை முழுதாக உள்ளே வாங்கி, சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, சரியென்றால் தன்னுடைய கடிகாரத்தில் புதிதாக எழுதி அனுப்புகிறது. அந்தக் கடிகாரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அதன் அதிகாரம் அடுத்த கருவியின் நினைவகத்தோடு முடிந்துவிடும்.

கல்கிசைக் கரையில் ஏறிய இழை

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதியில் தெற்கே போனால் தெகிவளை, அடுத்தது கல்கிசை. ஐரோப்பாவையும் கிழக்காசியாவையும் இணைத்த, 39,000 கிலோமீற்றர் நீளமான சீ-மீ-வீ 3 கடலடிக் கேபிள் இலங்கையில் கரையேறிய இடம் அது. அடுத்து வந்த சீ-மீ-வீ 4 கொழும்பிலும், சீ-மீ-வீ 5 மாத்தறையிலும் கரைசேர்ந்தன. வெளிநாட்டுச் சேவையகத்திலிருந்து புறப்படும் பாட்டு இப்படியான தலைமுடி பருமன் கண்ணாடி இழை வழியாகத்தான் தீவுக்குள் வருகிறது. இடையில் எத்தனையோ சுவிட்சுகளும் ரவுட்டர்களும் அதைக் கழற்றிக் கட்டி அனுப்பியிருக்கும். அவற்றில் எதுவும் இசைக்கென்று செய்யப்பட்டதில்லை. வங்கிக் கணக்கும் மருத்துவமனை அறிக்கையும் பரீட்சைப் பெறுபேறும் போகும் அதே பாதை. அவற்றில் ஓர் இலக்கம்கூட மாறாமல் வருகிறதென்று நாம் எல்லோரும் நம்புகிறோம், சரியாகவே நம்புகிறோம். பாட்டும் அப்படியே வருகிறது. கெடாமல் வந்த பாட்டுக்கு வீட்டுக்குள் கடைசி ஒன்றரை மீற்றரில் திருத்தம் தேவையில்லை.

இரைச்சல் வாதம்

நேர்மையான எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. எண்கள் கெடாமல் வந்தாலும், அவற்றோடு சேர்ந்து மின் இரைச்சலும் கேபிள் வழியே ஊர்ந்து வந்து, ஒலிமாற்றியின் நுண்ணிய பகுதியைக் கலக்கக்கூடும் என்பது அந்த வாதம்.

மின் இரைச்சல் இருப்பது உண்மைதான். பழைய மத்திய அலை வானொலி ஒன்றை எடுத்து, மலிவான சார்ஜர் அல்லது எல்.ஈ.டி. பல்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது கரகரவென்று இரையும். கணினியின் யூ.எஸ்.பி. துளையில் ஒலிமாற்றியைச் செருகியவர்கள், மவுஸை அசைக்கும்போது ஸ்பீக்கரில் கீச்சொலி கேட்டிருக்கலாம். யூ.எஸ்.பி.யில் கணினியின் நில இணைப்பும் ஒலிக்கருவியின் நில இணைப்பும் நேரடியாகத் தொடுகின்றன. இரைச்சல் தடையின்றி நடந்து வருகிறது.

ஈதர்நெட்டை வடிவமைத்தவர்கள் இதைத் தொடக்கத்திலேயே நினைத்தார்கள். ஒவ்வோர் ஈதர்நெட் துளைக்குப் பின்னாலும் சின்ன மின்மாற்றிகள் இருக்கின்றன. கேபிளுக்கும் கருவிக்கும் இடையே செம்பு செம்பைத் தொடும் பாதை கிடையாது. காந்தப்புலம் மட்டுமே சைகையைக் கடத்துகிறது. 1,500 வோல்ட் மின்னழுத்தத்தையும் அந்தத் தடுப்புத் தாங்க வேண்டும் என்பது நியமம். நான்கு சோடிக் கம்பிகளும் முறுக்கப்பட்டிருப்பதன் காரணமும் இரைச்சலை வெல்வதுதான். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டு கம்பியிலும் சமமாக விழும். பெறும் முனை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அது தானே அடிபட்டுப் போகும்.

இந்தக் காப்பை உடைக்கக்கூடிய ஒரு கேபிளும் சந்தையில் உண்டு. அது பெரும்பாலும் விலை கூடிய கேபிள்! உலோகக் கவசமும் உலோகத் தலையும் கொண்ட கேபிள், இரண்டு கருவிகளின் உடலையும் தன் கவசத்தால் இணைத்துவிடும். மின்மாற்றி போட்ட தடுப்பைச் சுற்றி ஒரு கள்ளப் பாதை திறந்துவிடும். இரண்டு கருவிகளின் ஏர்த் மட்டம் வேறுபட்டால் நமது 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம் ஸ்பீக்கரில் கேட்கலாம். தொழிற்சாலைக்கும் தரவு மையத்துக்கும் ஏற்ற கவசக் கேபிள், ஐந்து பத்து மீற்றர் வீட்டு இணைப்புக்கு வேண்டியதில்லை.

விலை காதுக்குள் புகும் விதம்

2008இல் டெனன் என்ற ஒலிக்கருவி நிறுவனம் ஏ.கே.-டி.எல்.1 என்ற கேபிளை 499 டொலருக்கு விற்றது. நீளம் ஒன்றரை மீற்றர். இரு தலையிலும் ஈதர்நெட் பிளக். சைகை எந்தத் திசையில் போக வேண்டுமென்று அம்புக்குறியும் இட்டிருந்தார்கள். டொலரை 300 ரூபாவாக வைத்தால் ஒன்றரை இலட்சம் ரூபா. பல நூறு டொலர் விலையில் 'இசைக்கான ஈதர்நெட் கேபிள்' என்று விற்கும் வழக்கம் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 2015இல் ஆர்ஸ் டெக்னிக்கா என்ற தொழில்நுட்ப இதழ், அப்படிப்பட்ட கேபிள் ஒன்றையும் சில டொலர் பெறுமதியான கேபிளையும் லாஸ் வேகஸில் நடந்த கூட்டமொன்றுக்குக் கொண்டுபோய், எது எதுவென்று சொல்லாமல் வந்தவர்களைக் கேட்கவைத்தது. அவர்களால் இரண்டையும் வேறுபடுத்த முடியவில்லை.

கேபிளை மாற்றியபின் ஒலி தெளிந்தது என்று சொல்பவர் பொய் சொல்கிறாரா? இல்லை. அவர் உண்மையாகவே அப்படிக் கேட்கிறார். கேட்பது காதோடு முடிகிற வேலை இல்லை. 1994இல் ஃபுளொயிட் டூல், ஷோன் ஒலிவ் என்ற இரு ஆய்வாளர்கள், ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஊழியர்களையே வைத்து ஸ்பீக்கர்களை மதிப்பிடச் செய்தார்கள். கண்ணுக்குத் தெரிய வைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பும், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது கொடுத்த மதிப்பும் வேறுபட்டன. பெயரும் உருவமும் விலையும் காதின் தீர்ப்பில் கை வைத்திருந்தன. 2008இல் வெளியான மற்றோர் ஆய்வில், 90 டொலர் வைன் ஒன்றை 10 டொலர் வைன் என்றும் 90 டொலர் வைன் என்றும் சொல்லி மாற்றிமாற்றிப் பருகக் கொடுத்தார்கள். விலை கூடியதாகச் சொன்னபோது அது கூடுதலாக ருசித்தது என்றார்கள். மூளையில் இன்பத்தைப் பதியும் பகுதியும் கூடுதலாகச் செயற்பட்டதை ஸ்கேன் காட்டியது. சுகம் உண்மை, அதற்கான காரணம் போத்தலுக்குள் இல்லை.

பதிவின் தரத்தையே மாற்றினாலும் கேட்டறிவது எவ்வளவு கடினம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் நடத்திய சோதனையில் உயர்தரப் பதிவை சீ.டி. தரத்துக்கு இறக்கியும் இறக்காமலும் போட்டுக் காட்டினார்கள். 554 முயற்சிகளில் 276 சரி. நாணயம் சுண்டினால் வரும் கணக்கு. 2016இல் ஜோஷுவா ரைஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய 18 ஆய்வுகளைத் தொகுத்தபோது 52.3 சதவீதம் சரியென்று வந்தது. மிகச் சிறியதாயினும் ஒரு வித்தியாசம் இருக்கிறதென்று அவர் முடிவு செய்தார். எண்களின் அளவே மாறும் இடத்தில் இவ்வளவுதான். கேபிளை மாற்றும்போது எண்கள் மாறுவதே இல்லை.

மாற்றம் மெய்யாகவே நிகழும் இடங்கள்

கேபிள் போட்டதும் ஒலி உயர்ந்தது என்பவர்களில் ஒரு சாரார் சொல்வது பௌதிக அளவிலும் சரி. அவர்கள் வைஃபையிலிருந்து கேபிளுக்கு மாறியவர்கள்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்மாடிகள் எழுந்திருக்கின்றன. ஒரு மாடியில் நின்று கைத்தொலைபேசியில் வைஃபை பட்டியலைத் திறந்தால் அயலவர் ரவுட்டர்களின் பெயர்கள் வரிசையாக வரும். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 என்ற மூன்றே. மாலையில் எல்லா வீட்டிலும் படம் ஓடும்போது அந்த மூன்று தடங்களிலும் நெரிசல். 5 கிகாஹேர்ட்ஸில் இடம் அதிகம், ஆனால் கொங்கிரீட் சுவரைத் துளைக்க அதற்குச் சக்தி போதாது.

நெரிசலில் இணைப்பு தளர்ந்தால் இசைச் செயலி என்ன செய்யும்? தரத்தைத் தானியங்கியாக விட்டிருந்தால், பாட்டை நிறுத்தாமல் ஓட்டுவதற்காகத் தரத்தை இறக்கும். ஸ்பொட்டிஃபையில் விநாடிக்கு 24 கிலோபிட்டிலிருந்து 96, 160, 320 என்று படிகள் இருக்கின்றன. 320இல் கேட்ட பாட்டு 96க்கு இறங்கினால் தாளத்தின் ஜால்ரா கரையும், கூட்டுக் குரல்கள் குழம்பும். கேபிளைப் போட்டதும் இணைப்பு உறுதியாகிச் செயலி மேல் படிக்கு ஏறும். ஒலி தெளிந்தது நிச்சயம். ஆனால் முதலாம் குறுக்குத் தெருவில் சில நூறு ரூபாவுக்கு வாங்கிய கேபிளும் அதே வேலையைத்தான் செய்யும். அமைப்பில் போய் உச்சத் தரத்தை நிலையாகத் தெரிவு செய்வதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கேபிள் வாங்கும்போது கவனிக்க வேண்டிய மோசடி வேறொன்று. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய கேபிளை 'கேட் 6' தரம் என்று அச்சிட்டு விற்கிறார்கள். நியமம் கேட்பது முழுச் செம்பு. முலாம் கேபிள் கையில் தூக்கினாலே இலேசாக இருக்கும். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகப் பளிச்சிடும். இரண்டு மூன்று தரம் வளைத்தால் முறியும். கடலோரத்து வெள்ளவத்தையில் உப்புக் காற்று பிளக்கின் பற்களையும் அரித்துவிடும். ஒரு கிகாபிட் இணைப்புக்கு நான்கு சோடியும் வேண்டும். ஒரு கம்பி விட்டுப்போனாலும் வேகம் 100 மெகாபிட்டுக்கு இறங்கலாம், அல்லது இணைப்பே விட்டுவிட்டு வரலாம். தங்க முலாம் தடிப்பான பற்களும் முழுச் செம்பும் கொண்ட நல்ல கேபிளுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நியாயமான செலவு. அது நீடித்து உழைப்பதற்கான விலை.

கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதிப் பக்கம் பழைய வீடுகள் நிறைய. வயரிங் பழையதானால் ஏர்த் இணைப்புச் சரியாக இல்லாமலும் இருக்கலாம். அங்கே ஸ்பீக்கரில் ரீங்காரம் கேட்டால், கேபிளைக் குற்றம் சொல்லுமுன் தகுதிபெற்ற மின்னியலாளரைக் கூப்பிட்டு ஏர்த்தைச் சோதிப்பது முதல் வேலை. இசைக்காக மட்டுமல்ல, உயிருக்காகவும். தொலைக்காட்சியின் டிஷ் அன்டெனா வயரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால், ஏர்த் மட்ட வேறுபாடு நுழையும் வழி அங்கேதான் இருக்கிறது.

மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் இரண்டு பருவக்காற்றுகளுக்கு நடுவில் வரும் இடிமின்னல் காலத்தையும் சொல்ல வேண்டும். செம்புத் தொலைபேசிக் கம்பி வழியே மின்னல் ஏறி ரவுட்டரையும் அதன் பின்னால் உள்ளவற்றையும் எரித்துவிடக்கூடும். ஃபைபர் இணைப்பின் கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது என்பதால் அந்த வழி அடைபட்டது. மின் பிளக்கின் வழி திறந்தே இருக்கிறது. இடி முழங்கத் தொடங்குமுன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

அறைதான் பெரிய வாத்தியம்

கொழும்பின் புதுத் தொடர்மாடி ஒன்றின் வரவேற்பறையை நினைத்துப் பாருங்கள். தரையில் டைல்ஸ், மூன்று பக்கம் கொங்கிரீட், கடல் பக்கம் கண்ணாடிக் கதவு. கை தட்டினால் 'டிங்' என்று திரும்பி வரும். ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் நேராக ஒரு தடவை, சுவரில் பட்டு இன்னும் பல தடவைகள் என்று காதை அடைகிறது. வார்த்தைகளின் விளிம்பு மழுங்குவது இங்கேதான். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மூன்று மீற்றர் என்றால் 57 ஹேர்ட்ஸ் அருகிலும் அதன் மடங்குகளிலும் தாழ்ந்த ஒலி பொங்கும். ஒரே அறையில் ஒரு கதிரையில் பாஸ் இடிபோலவும், நான்கடி தள்ளி அதே பாஸ் காணாமலும் போவது இதனால்தான். இந்த ஏற்ற இறக்கம் பத்து டெசிபெல்லையும் தாண்டுவதுண்டு. மைக் வைத்து அளந்தால் தெரியும், மைக் இல்லாமலே காதுக்கும் தெரியும்.

தரையில் ஒரு தடித்த கம்பளம், கண்ணாடிக்குத் தடித்த திரை, பக்கச் சுவரில் புத்தக அலுமாரி, ஸ்பீக்கரைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி வெளியே இழுத்து வைப்பது. இந்த நான்கும் தரும் மாற்றத்தில் ஒரு பங்கைக்கூட உலகத்தின் எந்த நெட்வேர்க் கேபிளாலும் தர முடியாது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள்

முதல் சோதனை: இழுத்துப் பார்ப்பது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஸ்ட்ரீமரின் நெட்வேர்க் கேபிளைக் கழற்றுங்கள். வைஃபையும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பல கருவிகளில் பாட்டு உடனே நிற்காது. நினைவகத்தில் சேர்ந்தது முடியும்வரை, சில விநாடிகளுக்கோ பாட்டு முடியும்வரைக்குமோ ஓடும். அந்த நேரத்தில் கேபிளும் இல்லை, சுவிட்சும் இல்லை, அவற்றின் வழியே வரக்கூடிய இரைச்சலும் இல்லை. கழற்றிய கணத்தில் குரல் மாறியதா? கேபிள் ஒலிக்கு நிறம் சேர்க்கிறதென்றால் அந்த நிறம் அப்போது மறைந்தாக வேண்டும்.

இரண்டாவது சோதனை: மறைத்துக் கேட்பது. இரண்டு கேபிள்களையும் வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் அவர் நாணயம் சுண்டி எதைப் போடுவதென்று முடிவு செய்து எழுதி வைக்கட்டும். அவர் முகமும் கையும் உங்களுக்குத் தெரியக் கூடாது. ஒலியளவு ஒரு மயிரிழையும் மாறக் கூடாது, ஏனென்றால் சற்றே உரத்த ஒலியை நாம் எல்லோரும் சிறந்த ஒலியென்று எடுத்துக்கொள்வோம். நன்கு பழகிய பாட்டாக, ஒரு குறுகிய பகுதியைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள். 16 தடவையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொன்னால் கவனிக்கத்தக்க முடிவு. வெறும் ஊகத்தில் அது நடக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. எட்டு, ஒன்பது என்று வந்தால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

காசு எந்த வரிசையில் போக வேண்டும்

முதலில் பதிவு. 1950களின் பாட்டொன்று, தேய்ந்த தட்டிலிருந்து அவசரமாக ஏற்றப்பட்டதா, மூல நாடாவிலிருந்து கவனமாக எண்மமாக்கப்பட்டதா என்பதில் இருக்கும் வித்தியாசத்தைச் சிறு பிள்ளையும் கேட்டறியும். ஒரே பாட்டின் வெவ்வேறு வெளியீடுகளைத் தேடி ஒப்பிடுங்கள். அதற்கு வேண்டியது பொறுமை மட்டுமே. அடுத்து ஸ்பீக்கர், பணத்தின் பெரும் பங்கு அங்கே போகட்டும். மூன்றாவது அறை. அதன் பிறகு கடைசி வரிசையில், முழுச் செம்பில், கவசமில்லாத கேட் 5ஈ அல்லது கேட் 6 கேபிள் ஒன்று, சாதாரண சுவிட்ச் ஒன்று.

காதைப் பழக்குவதற்கும் ஒரு வழி இந்த நகரத்தில் இருக்கிறது. வெள்ளவத்தை இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலோ கச்சேரி நடக்கும்போது முன்வரிசையில் போய் அமருங்கள். வீணையின் தந்தி மெய்யாக எப்படி ஒலிக்கிறது என்பதைக் கேட்ட காது, வீட்டு ஸ்பீக்கரில் எது குறைகிறதென்று தானே கண்டுபிடிக்கும்.

2022இல் மின்சாரமும் எரிபொருளும் இல்லாமல் வரிசையில் நின்ற மக்கள் நாம். இறக்குமதிப் பொருளுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு டொலரும் எவ்வளவு அரிதென்று நமக்குத் தெரியும். ஆகவே ஒன்றைத் துணிந்து கேட்கலாம். விலை கூடிய கேபிளையோ சுவிட்சையோ எடுத்து நீட்டும் கடைக்காரரிடம், 'கண்ணை மறைத்துக் கேட்டுப் பார்க்கலாமா, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா' என்று கேளுங்கள். தவறாக வழிநடத்தும் கூற்றுகளைச் சொல்லிப் பொருள் விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடுக்கிறது. அந்தச் சட்டம் அரிசிக்கும் மருந்துக்கும் மட்டும் உரியது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. தன் பொருளில் நம்பிக்கையுள்ள கடைக்காரர் சோதனைக்குச் சம்மதிப்பார். மறுத்தால், அந்தக் காசுக்கு நல்ல கம்பளம் ஒன்றை வாங்கி ஸ்பீக்கருக்கு முன்னால் விரியுங்கள். மாற்றத்தை அன்று மாலையே கேட்பீர்கள்.